வாசலிலிருந்து கொல்லை வரை: வீட்டின் உள்வெளியை லினோ அச்சாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே பார்த்தால், ஒரே நேர்க்கோட்டில் கொல்லை வரை தெரியும். முதலில் ரேழி என்னும் நடையின் இருட்டு. அதற்கப்பால் முற்றத்தில் கொட்டிக் கிடக்கும் வெயில். அதையும் கடந்தால் இரண்டாம் கட்டின் இருட்டு. எல்லாவற்றுக்கும் பின்னால், தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துப்போன கொல்லைக் கதவின் வழியே மறுபடியும் வெளிச்சம். என் அம்மா பிறந்த வீடும் இப்படிப்பட்டதுதான். கிழக்குப் பார்த்த வாசல். முற்பகல் பத்து மணிக்கு முற்றத்தின் மேற்குப் பாதியில் வெயில் இறங்கியிருக்கும்.

அந்தக் காட்சியை ஒற்றைக் கறுப்பு மையில் லினோ அச்சாகக் கொண்டுவர இரண்டு ஆண்டுகளாக முயன்றேன். லினோலியத் தகட்டைச் செதுக்கி, மையிட்டு, தாளில் ஒற்றி எடுப்பதுதான் லினோ அச்சு, அந்தத் தகடே கட்டை. நான்கு கட்டைகள் செதுக்கினேன். மூன்றில் கதவுகளும் சுவர்களும் வந்தன, வீடு வரவில்லை. நான்காவதில்தான் வீட்டுக்குள் நடந்து போகலாம் என்று தோன்றியது. அந்த நான்கிலும் கற்றுக்கொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். முடிவில் உங்கள் கையில் இருக்கப்போவது 20 × 25 செ.மீ. அளவுள்ள ஒரு கட்டையும், அதிலிருந்து எந்திரம் இல்லாமல் கையாலேயே எடுத்த பன்னிரண்டு அச்சுகளும். இதற்கு முன் உளி பிடிக்காதவருக்கு நான்கு வார இறுதிகள் தேவைப்படும்.

முற்றம் வைத்த வீடு இல்லாதவர்கள் இதோடு நிறுத்திவிட வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹாலிலிருந்து சமையலறை வழியாகத் துணி காயும் பால்கனி வரை ஒரு நேர்க்கோடு இருக்கும். மருத்துவமனைத் தாழ்வாரமும் பள்ளிக்கூட வராந்தாவும்கூடப் பொருந்தும். இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி அடுக்கியிருந்தால் போதும்.

முதல் படி: எங்கிருந்து பார்ப்பது

உளியைத் தொடுவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு இது. அறையைப் பார்க்கும் இடம் மாறினால் அச்சின் பொருளே மாறிவிடும். நவீன அச்சோவியர்கள் இதற்கு ஒருவருக்கொருவர் முற்றிலும் வேறான விடைகளைக் கண்டிருக்கிறார்கள்.

ரஷ்யரான எல் லிஸ்ஸிட்ஸ்கி 1923இல் பெர்லினில் ஓர் அறை முழுவதையும் ஒரே கலைப்படைப்பாக அமைத்தார். அதே ஆண்டு அந்த அறையைக் கல்லச்சாகவும் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) வெளியிட்டார். அதில் சுவர்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்ததுபோல் விரிந்து கிடக்கின்றன. பார்ப்பவர் நிற்கும் இடம் என்று ஒன்று அதில் கிடையாது, எல்லாச் சுவர்களும் சம உரிமையோடு தெரிகின்றன. டச்சுக்காரரான எஷர் 1953இல் செய்த ‘சார்பியல்’ என்ற கல்லச்சில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று திசைகளில் ஈர்ப்புவிசை இயங்குகிறது. ஒருவருக்குச் சுவராக இருப்பது இன்னொருவருக்குத் தரை.

என் மனத்துக்கு மிக நெருங்கியவர் ஜரீனா ஹாஷ்மி. 1937இல் அலிகரில் பிறந்தவர், கணிதம் படித்தவர், வாழ்வின் பெரும்பகுதியை நியூயார்க்கில் கழித்தவர். 1994இல் தந்தையின் வீட்டை ஒரு தரைப்படமாகவே அச்சிட்டார். மேலிருந்து பார்த்த கோடுகள், அறைகளின் பெயர்கள் உருதுவில், வேறெதுவும் இல்லை. 1999இல் வெளியிட்ட 36 மரச்செதுக்கு அச்சுகளின் தொகுப்பில் வீடு, கதவு, முற்றம் என ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் உருதுச் சொல்லைத் துணை வைத்தார். நினைவில் மட்டும் மிஞ்சியிருக்கும் வீட்டுக்குத் தரைப்படம்தான் பொருத்தம் என்று அவற்றைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். கண்மட்டத்தில் பார்ப்பதற்கு அங்கே போய் உட்கார முடிய வேண்டும். என்னால் முடிந்தது, அதனால் கண்மட்டத்தைத் தேர்ந்தேன்.

லினோவில் வேலை செய்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவர் லண்டன்காரரான சிரில் பவர். அடிப்படையில் கட்டடக் கலைஞர். 1929இல் அவர் செய்த சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டின் லினோ அச்சு, சுழன்று இறங்கும் படிகளையும் இரும்பையும் சில நிறங்களில் மட்டும் சொல்கிறது. பொருள்களைச் சுற்றி ஓடும் எல்லைக்கோடுகளை அவர் நம்பவில்லை. நிறத்திட்டும் நிறத்திட்டும் சந்திக்கும் இடமே விளிம்பாகிவிடுகிறது. நான்காவது படியில் இதற்குத் திரும்பி வருவோம்.

கண்மட்டத்தைத் தேர்ந்தால் அடுத்த கேள்வி, நின்றா உட்கார்ந்தா என்பது. நின்றால் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும், சம்மணமிட்டு உட்கார்ந்தால் முக்கால் மீட்டர். நம் வீடுகளின் உள்வெளி தரையில் உட்கார்ந்து வாழ்ந்தவர்களுக்காக அமைந்தது. உட்கார்ந்து பார்த்தால் நிலைக்கதவு உயர்ந்து நிற்கும், உத்தரம் கனக்கும், வாசற்படி ஒரு பொருளாகத் தெரியும். நின்று பார்த்த என் முதல் கட்டையில் எல்லாம் சரியான அளவில் இருந்தும் அந்நியமாக இருந்தது. உட்காருங்கள்.

இரண்டாம் படி: பொருள்கள்

லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டிப்படுத்தி, தக்கைத் தூளும் மரத்தூளும் கலந்து, சணல் துணிமேல் படிய வைத்த தகடு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் வால்டன் 1860களில் தரை விரிப்பாக உருவாக்கியது. ஓவியர்கள் கையில் எடுத்தது பிறகுதான். நம் ஊர்த் தரைவிரிப்புக் கடைகளில் லினோலியம் என்ற பெயரில் பெரும்பாலும் விற்பது பி.வி.சி. விரிப்பு. அதில் உளி வழுக்கும், விளிம்பு பிசிறும். ஓவியப் பொருள் கடையில் ‘லினோ’ என்று கேட்டு வாங்குங்கள். திருப்பிப் பார்த்தால் சணல் நெசவு தெரிய வேண்டும், முகர்ந்தால் ஆளிவிதை எண்ணெய் வாசனை வர வேண்டும். தடிமன் மூன்று மி.மீ. அளவில் இருக்கும். மடக்கினால் வெடிக்கும் அளவுக்குப் பழசாகிவிட்ட தகட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

உளிகள் மூன்று போதும். ‘வி’ வாய் கொண்ட மெல்லிய உளி ஒன்று, ‘யூ’ வாய் கொண்டதில் மூன்று மி.மீ. ஒன்று, எட்டு மி.மீ. ஒன்று. பன்னிரண்டு உளிகள் அடங்கிய மலிவான பெட்டியைவிட நல்ல எஃகில் மூன்று உளிகள் மேல். பழைய தோல் பெல்ட்டின் ஒரு துண்டை மரப்பலகையில் ஒட்டி, மெருகேற்றும் பசை தடவி வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை உளியை அதில் நாலைந்து தரம் இழுத்தால் கூர் மங்காது. கைக்காயம் பெரும்பாலும் மழுங்கிய உளியால்தான் வருகிறது, ஏனென்றால் அதைத் தள்ள அதிக பலம் கொடுக்கிறோம்.

மற்றவை: ரப்பர் உருளை ஒன்று, பத்து செ.மீ. அகலம். மை விரிக்கக் கண்ணாடிப் பலகை. எண்ணெய் சார்ந்த கறுப்பு அச்சு மை. நீர் சார்ந்த மையைத் தவிர்க்கச் சொல்வேன். நம் வெயிலில் மின்விசிறிக்கடியில் அது உருளையிலேயே காய்ந்துவிடும். தாளைத் தேய்க்க அடிப்பக்கம் வழவழப்பான மரக்கரண்டி. தாள், கைக்காகிதமாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். ஜப்பானிய கோசோ தாள் மிகச் சிறந்தது, நேபாள லோக்தா தாளும் நன்றாக வேலை செய்யும். தடித்த பருத்திக் கைக்காகிதம் பார்க்க அழகாக இருந்தாலும் கையால் தேய்த்து அச்செடுக்க ஏற்றதன்று. அதற்கு ஈரப்பதமும் அச்செந்திரமும் வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் வட்டார மையத்தில் அச்சுக்கூடம் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: அளந்து வரைதல்

முதல் நாள் வரையவே வேண்டாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரை மணிக்கு ஒருமுறை, எங்கே வெளிச்சம் இருக்கிறது என்று மட்டும் குறியுங்கள். முற்றத்துத் தரையில் தாழ்வாரத்தின் நிழல்கோடு எவ்வளவு நகர்கிறது, அந்த வெயில் சுவரில் பட்டுத் தெறித்து எதை மங்கலாக ஒளிரச் செய்கிறது என்று கவனியுங்கள். உச்சி வெயில் வேண்டாம். அப்போது நிழல் ஒடுங்கி முற்றம் வெறும் வெள்ளைச் சதுரமாகிவிடும்.

புகைப்படத்தை நினைவுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாம், நகலெடுக்க வேண்டாம். கைபேசிக் கேமரா இருட்டைத் தானாகவே வெளுத்தும் வெயிலைத் தானாகவே அடக்கியும் எல்லாவற்றையும் நடுத்தரமாக்கிவிடும். நமக்கு வேண்டியதோ அந்த வேறுபாடுதான்.

இரண்டாம் நாள் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒவ்வொரு வாசலும் எத்தனை மீட்டர் என்று அளக்கவும். என் அளவுகளை வைத்தே விளக்குகிறேன். ரேழியின் உள்வாசல் 3 மீட்டர், இரண்டாம் கட்டு வாசல் 9 மீட்டர், கொல்லைக் கதவு 18 மீட்டர். மூன்று நிலைகளும் 1.8 மீட்டர் உயரம், 90 செ.மீ. அகலம்.

ஒரே அளவுள்ள பொருள் எத்தனை மடங்கு தொலைவு போகிறதோ அத்தனை மடங்கு சிறுக்கும். பெர்ஸ்பெக்டிவ் என்று பயமுறுத்தும் பாடம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். முதல் வாசலைத் தாளில் 18 செ.மீ. உயரமாக வரைந்தால், மூன்று மடங்கு தொலைவில் உள்ள இரண்டாவது 6 செ.மீ., ஆறு மடங்கு தொலைவில் உள்ள மூன்றாவது 3 செ.மீ. அகலங்கள் முறையே 9, 3, 1.5 செ.மீ.

இவற்றை எந்த உயரத்தில் அடுக்குவது? தாளில் ஒரு கண்மட்டக் கோடு போடுங்கள். உட்கார்ந்த கண் முக்கால் மீட்டர் உயரத்தில் இருப்பதால் 1.8 மீட்டர் நிலையில் பன்னிரண்டில் ஐந்து பங்கு அந்தக் கோட்டுக்குக் கீழே, ஏழு பங்கு மேலே. முதல் வாசலுக்குக் கீழே 7.5, மேலே 10.5 செ.மீ. இரண்டாவதற்கு 2.5, 3.5. மூன்றாவதற்கு 1.25, 1.75. கட்டையின் அடிவிளிம்பிலிருந்து 10.5 செ.மீ. உயரத்தில் கண்மட்டக் கோடு இருந்தால் முதல் வாசற்படிக்கு முன் 3 செ.மீ. தரையும், நிலைக்கு மேல் 4 செ.மீ. சுவரும் கிடைக்கும். அந்தக் கோட்டின்மேல் ஒரு மறைபுள்ளி. உங்களைவிட்டு விலகி உள்ளே ஓடும் தரைக்கோடுகளும் உத்தர விளிம்புகளும் எல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டும். புள்ளியைச் சரியாக நடுவில் வைக்காமல் ஒரு செ.மீ. இடப்பக்கம் தள்ளி வையுங்கள். நடுவில் வைத்தால் காட்சி கோயில் மண்டபம்போல் விறைத்துவிடும், வீட்டுக்கு அது பொருந்தாது.

இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நாலரை மீட்டரில் தொடங்கி ஏழரை மீட்டரில் முடியும் மூன்று மீட்டர் முற்றம், தாளில் இரண்டே செ.மீ. பட்டையாகத்தான் விழும். அதற்கு முன்னால் உள்ள ஒன்றரை மீட்டர் தரை இரண்டரை செ.மீ. எடுத்துக்கொள்ளும். மனத்துக்குள் பெரிதாக இருக்கும் முற்றம் கண்ணுக்கு இவ்வளவு சிறியது. கை அதைப் பெரிதாக்கவே விரும்பும். விடாதீர்கள், முற்றத்தை அகட்டினால் வீட்டின் ஆழம் அங்கேயே உடைந்துபோகும். முற்றத்தின் பெருமையை அளவால் காட்ட முடியாது, வெண்மையால் காட்டலாம்.

தரையில் சதுரத் தளக்கற்கள் இருந்தால் பாக்கியம். ஆத்தங்குடிக் கல்லானாலும் பழைய சுட்டமண் சதுரமானாலும் ஒவ்வொரு வரிசையும் ஓர் அளவுகோல். கணக்குத் தவறியிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

நான்காம் படி: கறுப்பு எது, வெள்ளை எது

என் முதல் இரண்டு கட்டைகள் வீணானது இந்தப் படியில்தான், அதனால் இங்கே மெதுவாகப் போகிறேன்.

பென்சிலால் வரைந்த அறை, கோடுகளால் ஆனது. லினோ கட்டையில் கோடு கிடையாது. செதுக்காத முழுத் தகடும் கறுப்பு, உளி எடுத்த இடம் மட்டும் வெள்ளை. அதாவது நீங்கள் வேலையைத் தொடங்கும்போது வீடு முழு இருட்டில் இருக்கிறது, ஒவ்வொரு வெட்டும் அதற்குள் ஒரு வெளிச்சத்தைத் திறந்துவிடுகிறது. வெளிச்சம் இயல்பாக நுழையும் வழிகளில் மட்டும் உளி நுழைந்தால் அறை தானாக உருவாகும். நிலைக்கதவைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, தூணைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு என்று போனால், கிடைப்பது கட்டட வரைபடம். என் முதல் கட்டை அதுதான்.

ஐந்துக்கு ஆறு செ.மீ. அளவில் சின்னக் கட்டங்கள் ஆறு போட்டு, தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு, சாம்பல் நிறமே இல்லாமல் ஆறு விதமாகப் பிரித்துப் பாருங்கள். இருண்ட சுவரும் இருண்ட கதவுப் பலகையும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் ஒரே கறுப்பாக விட்டுவிடுங்கள். விளிம்பு எங்கே என்று பார்ப்பவரின் கண் தானே கண்டுபிடிக்கும். அப்படித் தேடும் நேரம்தான் அவர் உங்கள் அறைக்குள் இருக்கும் நேரம்.

பிறகு சாம்பல். ஒற்றை மையில் சாம்பல் என்பது வெட்டுகளின் நெருக்கம். ஒரு மி.மீ. இடைவெளி, இரண்டு, நான்கு என்று மூன்று நெருக்கங்களை ஒரு துண்டு லினோவில் செதுக்கி அச்செடுத்து, மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு திசை கொடுங்கள். தரையில் வெட்டுகள் மறைபுள்ளியை நோக்கி ஓடட்டும். சுவரில் நேர்மேலாக. உத்தரத்துக்குக் குறுக்காக. பரப்பு திரும்புகிறது என்பதை நிறம் மாறாமலே வெட்டின் திசை சொல்லிவிடும்.

இரண்டாவது கட்டையில் முற்றத்தை முழுக்கச் செதுக்கி வெறும் வெள்ளையாக்கினேன். வெயில் கண்ணைக் கூச வேண்டும் என்ற ஆசை. அச்செடுத்தபோது முற்றம் ஆழமாகத் தெரியவில்லை, தாளில் ஓட்டை விழுந்ததுபோல் இருந்தது. அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய கொல்லைக் கதவு முன்னால் ஒட்டிய துண்டுக் காகிதம்போல் மிதந்தது. பல நாள் யோசித்தும் காரணம் பிடிபடவில்லை. மறுபடி போய் அதே வாசற்படியில் உட்கார்ந்தபோதுதான் கண்டேன். முற்றத்து வெயிலில் தாழ்வாரத்தின் சரிந்த நிழல் குறுக்கே விழுந்திருக்கிறது, ஓரத்தில் ஒரு தவலை. அந்த நிழலும் அந்தத் தவலையும்தான் வெயிலுக்குத் தரை கொடுக்கின்றன. நான்காவது கட்டையில் நிழலுக்கு ஒரு சாய்ந்த கறுப்புப் பட்டையும், தவலைக்கு நகக்கண் அளவு கறுப்பும் விட்டேன். முற்றம் கீழே இறங்கித் தரையில் அமர்ந்தது. பெரிய வெள்ளை எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதன்மேல் விழும் ஒரு நிழலைத் தேடிக் கண்டுபிடித்து விட்டுவையுங்கள்.

ஐந்தாம் படி: படத்தைக் கட்டைக்கு மாற்றுதல்

அச்சில் இடம் வலமாகும். டிரேசிங் தாளில் படத்தை எடுத்து, தாளைக் கவிழ்த்து, கார்பன் தாள் வைத்துக் கட்டையில் பதியுங்கள். அறைக்கு இது சிறு விஷயமன்று. ஒரு முகத்தை இடவலம் மாற்றினாலும் முகமாகவே இருக்கும், வீடு அப்படியில்லை. கவிழ்க்க மறந்த மூன்றாவது கட்டையின் அச்சை அம்மாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “அடுக்களைக்கு எந்தப் பக்கம் திரும்புவது?” என்று கேட்டார். அந்தக் கட்டையை அன்றே ஒதுக்கி வைத்தேன்.

பதித்த பிறகு கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களை மார்க்கரால் நிரப்பிவிடுங்கள். முழுக் கட்டைக்கும் மெல்லிய சிவப்பு மை பூசித் துடைத்தால் இன்னும் நல்லது. செதுக்கிய இடம் பளிச்சென்று தெரியும், அச்சு எப்படி வரும் என்பதைச் செதுக்கும்போதே பார்க்கலாம்.

ஆறாம் படி: செதுக்குதல்

லினோ சூடானால் இளகும். வெளிநாட்டு நூல்கள் இஸ்திரிப் பெட்டியை வைக்கச் சொல்கின்றன. நமக்கு மொட்டை மாடி போதும், பத்து நிமிட வெயிலில் தகடு பனங்கிழங்குபோல் வெட்டுப்படும். மார்கழியில் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும்.

உளி போகும் பாதையில் மற்றக் கை எந்த நேரத்திலும் இருக்கக் கூடாது. தகட்டைப் பிடிக்கும் கை உளிக்குப் பின்னாலேயே இருக்கட்டும். வளைவு வந்தால் உளியைத் திருப்பாதீர்கள், கட்டையைத் திருப்புங்கள். மேசையின் முன்விளிம்பில் ஒரு மரச்சட்டத்தைத் தடுப்பாகப் பொருத்தி, தகட்டை அதில் முட்டக்கொடுத்தால் வழுக்காது.

தொலைவில் உள்ள வெளிச்சத்திலிருந்து தொடங்குங்கள். கொல்லைக் கதவின் மூன்று செ.மீ. திறப்புதான் முதல் வெட்டு. அதுதான் படத்திலேயே மிகச் சிறிய வெள்ளை. அதை முதலில் திறந்துவிட்டால் மற்ற வெள்ளைகள் எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும் என்பது பிடிபடும். அடுத்து முற்றம். அதற்குப் பின் முற்றத்தின் ஒளி தெறிக்கும் நிலையின் உள்விளிம்பு, வாசற்படியின் மேல்தளம். ரேழியின் சுவரைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே ஏறத்தாழ எதுவுமே செதுக்க வேண்டியிருக்காது.

ஒவ்வொரு விளிம்பையும் ‘வி’ உளியால் முதலில் கீறுங்கள். உளியைக் கறுப்பின் பக்கத்திலிருந்து வெளிப்புறம் சாய்த்துப் பிடித்தால், எஞ்சி நிற்கும் கறுப்புக்குக் கீழே வரப்புபோல் அகன்ற அடித்தளம் கிடைக்கும். உட்பக்கம் குடைந்து வெட்டினால் நாலாவது அச்சிலேயே விளிம்பு பிய்ந்துவிடும். விளிம்பு கீறிய பின் நடுப்பகுதியை ‘யூ’ உளியால் அள்ளுங்கள். ஒன்றரை மி.மீ. ஆழம் போதும். சணல் தெரிந்தால் ஆழம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

அகன்ற வெள்ளைப் பகுதிகளில் உளித்தடங்களின் மேடுகள் சிறுசிறு கறுப்புக் கீற்றுகளாக அச்சில் விழும். முற்றத்து வெயிலில் அவற்றை விட்டுவைக்கலாம், வெக்கை அசைவதுபோல் இருக்கும். கொல்லைக் கதவின் திறப்பில் ஒரு கீற்றுகூட வேண்டாம், அது தூய வெள்ளையாகவே இருக்கட்டும்.

நான்கில் மூன்று பங்கு வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். இத்தாலிய அச்சோவியர் பிரானேசி, தம் கற்பனைச் சிறைச்சாலை அச்சுகளைப் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து எடுத்துத் திருத்தி 1761இல் மறுபடி வெளியிட்டார். அந்த நிலவறைகள் முன்னைவிட இருண்டன. அவர் செதுக்கியது செப்புத் தகட்டில். அதில் புதிதாகக் கீறினால் கறுப்பு கூடும். நம் லினோவில் கீறினால் வெள்ளைதான் கூடும், இழந்த இருட்டைத் திரும்பப் பெற வழியே இல்லை. எனவே இருட்டு மிகுந்த நிலையிலேயே முதல் சோதனை அச்சை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஏழாம் படி: மையிடுதல், சோதனை அச்சு

கண்ணாடியில் கட்டைவிரல் அளவு மையை வைத்து, உருளையால் எல்லாத் திசைகளிலும் விரியுங்கள். சரியான அளவில் விரிந்த மை, சூடான தோசைக்கல்லில் நீர் தெளித்ததுபோல் மெல்லிய ‘சுர்’ ஓசை எழுப்பும். ஓசை உரத்துப் பிசுபிசுத்தால் மை அதிகம். கோடை நாள்களில் மை இளகி நுண்ணிய வெட்டுகளுக்குள் இறங்கிவிடும், அப்போது சிறிது மெக்னீசியம் கார்பனேட் தூள் கலந்து இறுக்கிக்கொள்ளுங்கள். கட்டைக்கு ஒரே தடவையில் தடிமனாகப் பூசாமல் மெல்லிய பூச்சாக ஐந்தாறு முறை உருட்டவும்.

ஓர் அட்டையில் கட்டையின் அளவையும் 30 × 36 செ.மீ. தாளின் அளவையும் கோடிட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பிரதியிலும் ஓரம் ஒரே மாதிரி வரும். தாளை மெதுவாக இறக்கி, முதலில் உள்ளங்கையால் தடவி, பின் மரக்கரண்டியின் அடிப்பக்கத்தால் நடுவிலிருந்து வெளியே சிறு வட்டங்களாகத் தேயுங்கள். இருபது நிமிடம் ஆகலாம். ஒரு பாதியைக் கையால் அழுத்திக்கொண்டு மறுபாதியைத் தூக்கிப் பார்க்கலாம். கறுப்பில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் தாளைத் திரும்ப இறக்கி, அங்கே மட்டும் இன்னும் தேயுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் அடுத்த பிரதிக்கு மை கூட வேண்டும். மெல்லிய வெட்டுகள் அடைபட்டிருந்தால் மை குறைய வேண்டும், பழைய பல் துலக்கியால் வெட்டுகளைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள். விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் தேய்க்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது.

முதல் அச்சைச் சுவரில் ஒட்டி மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? கொல்லைக்குப் போய், பிறகு முற்றத்துக்குத் திரும்பி, கடைசியில் ரேழியின் இருட்டில் உலவினால் வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. முற்றத்திலேயே நின்றுவிட்டால் முற்றத்தின் வெள்ளை மிகுதி. அதைக் குறைக்க முடியாது, கொல்லைக் கதவைச் சுற்றியுள்ள இருட்டைத் தொடாமல் விட்டு அதன் ஈர்ப்பைக் காக்க மட்டுமே முடியும். ரேழி வெறும் கறுப்புப் பட்டையாக அடைத்துக்கொண்டு நின்றால் நிலையின் உள்விளிம்பில் ஒரு மயிரிழை வெட்டு கொடுங்கள். ஒன்று போதும். கொடுத்துவிட்டு மறுபடி அச்செடுத்துப் பாருங்கள். நான்காவது கட்டைக்கு ஏழு சோதனை அச்சுகள் எடுத்தேன்.

நிறம் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரே கட்டையைச் செதுக்கி ஒரு நிறம் அச்சிட்டு, அதையே மேலும் செதுக்கி அடுத்த நிறம் அச்சிடும் முறை உண்டு. 1962இல் பிக்காசோ விளக்கடியில் வைத்த பழங்களையும் கண்ணாடிக் குவளையையும் அப்படித்தான் லினோவில் செய்தார், அறையின் இருட்டை விளக்கொளி வெட்டும் அருமையான அச்சு அது. ஆனால் அந்த முறையில் பாதியில் திரும்ப முடியாது. கறுப்பு வெள்ளையில் ஒரு முழு வீட்டை முடித்த பிறகு அங்கே போகலாம்.

எட்டாம் படி: பதிப்பு, உலர்த்தல், பாதுகாப்பு

பன்னிரண்டு பிரதிகளையும் முடிந்தவரை இரண்டு நாள்களுக்குள் எடுத்துவிடுங்கள். வெப்பம் மாறினால் மை மாறும், மை மாறினால் இருட்டு மாறும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் நல்ல வெயில் காலத்தில் நான்கு நாளில் காயும், ஐப்பசி அடைமழையில் இரண்டு வாரம்கூட ஆகலாம். காய்ந்த பின் படத்துக்குக் கீழே பென்சிலால் இடப்பக்கம் 1/12, 2/12 என்று எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். சோதனை அச்சுகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கட்டையையும் உருளையையும் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சிறிது சோப்பு நீரால் துடைத்தாலே போதும், மண்ணெண்ணெய் வேண்டாம். ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் மை படிந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்கக் கூடாது, அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள். கட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, படுக்கை வாட்டில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

1/12 அம்மாவிடம் இருக்கிறது. நான் இப்போது ஐந்தாவது கட்டைக்காக அதே வீட்டில் எதிர்ப்பக்கம், கொல்லைப் படியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்து அளந்துகொண்டிருக்கிறேன். காலையில் தெருவாசல் வழியாக வெயில் ரேழித் தரை வரை ஓடி வருகிறது, முற்றம் இன்னும் நிழலில் இருக்கிறது. முதல் வெட்டு இந்த முறை தெருவில் விழும்.